புது ஆல்பம் ஏமாற்றிவிட்டதா? அதை 44 நிமிடமாக வெட்டுவது எப்படி

பள்ளி நாளிலிருந்து கேட்டு வரும் பேண்ட் ஒரு புது ஆல்பம் போடுகிறது. ஆசை ஆசையாகக் கேட்டால் ஒன்றுமே மனதில் ஒட்டவில்லை. இப்போது என்ன செய்வது? என் பேண்ட் மெட்டாலிகா, அமெரிக்க ஹெவி மெட்டல் குழு. ஆல்பம், 2023 ஏப்ரல் 14 அன்று வெளியான '72 சீசன்ஸ்'. உங்கள் பேண்ட் வேறாக இருந்தாலும் வேலை இதேதான்.

வெளியான அன்றே வாட்ஸாப் குரூப்பில் 'மொக்கை' என்றோ 'மரண மாஸ்' என்றோ எழுதிவிடாதீர்கள். எழுதிவிட்டால் அப்புறம் அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றவே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். முதல் தடவை வரிசை மாறாமல், ஷஃபிள் போடாமல், முழுசாகக் கேளுங்கள். பேருந்தில் வேண்டாம். அன்றைக்குப் பழைய ஆல்பம் எதையும் தொடாதீர்கள்.

பழையதோடு ஒப்பிடும் நாள் வரும்போது ஆப்பின் செட்டிங்ஸில் வால்யூம் நார்மலைசேஷன் (எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். எண்பதுகளின் சிடிகளைவிட இப்போதைய மாஸ்டரிங், அதாவது ஆல்பத்தின் கடைசிக்கட்ட ஒலி வேலை, அதிக சத்தமானது. சத்தம் கூடினால் காது முதலில் மயங்கும், அரை மணி நேரம் கழித்துச் சலித்துக்கொள்ளும். இரண்டுமே பாட்டைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. அளவைச் சமப்படுத்திவிட்டுப் பேசலாம்.

அடுத்தது, 'பிடிக்கவில்லை' என்பதோடு நிற்காமல் எது பிடிக்கவில்லை என்று பிரிப்பது. மெட்டாலிகா ரசிகர்களுக்கு இதில் நல்ல பயிற்சி உண்டு. இவர்கள் எங்களை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக ஏமாற்றியிருக்கிறார்கள். 1988இன் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் கிட்டார் காதில் விழுவதே இல்லை. பாட்டுகள் அருமை, ஒலிக் கலவையில்தான் கோளாறு. 2003இன் 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் லார்ஸ் உல்ரிச்சின் ஸ்நேர் டிரம் தகர டப்பாபோல் 75 நிமிடமும் தட்டிக்கொண்டே இருக்கும், கிட்டார் சோலோ ஒன்றுகூடக் கிடையாது. 2008இன் 'டெத் மேக்னெடிக்' பாட்டாகப் பார்த்தால் தேவலை, ஆனால் சிடியில் சத்தத்தை ஏற்றிய ஏற்றில் ஒலியே உடைந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் உடையாமல் கேட்டதால், ரசிகர்கள் கேமிலிருந்து உருவி எடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள்.

அப்படியானால் '72 சீசன்ஸ்' ஆல்பத்தில் என்ன குறை? ஒலியில் பெரிய புகார் இல்லை. பேஸ் கேட்கிறது, டிரம் டிரம்மாக இருக்கிறது. பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், ஆல்பம் வந்தபோது 59 வயதிலும் இந்தக் குரலை வைத்திருந்தது ஆச்சரியம்தான். குறை நீளத்தில். 12 பாட்டு, 77 நிமிடம். அதில் பாதிக்கு மேல் ஒரே நடுத்தர வேகம். ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, நான்கு முறை போதும் என்ற இடத்தில் எட்டு முறை வருகிறது. மெதுவான பேலட் என்று மூச்சு விட ஒரு பாட்டு கிடையாது. கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட் சோலோ எடுக்கும் போதெல்லாம் கால், ஒலியை 'வா-வா' என்று வளைக்கும் வா-வா பெடலுக்குப் போய்விடுகிறது.

1986இன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' எட்டே பாட்டு, 55 நிமிடம்கூட இல்லை. அன்றைக்கு எல்பி தட்டுக்கு ஒரு எல்லை இருந்தது. ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் திணித்தால் ஒலி மெலிந்துவிடும். யாரும் வாய் திறந்து 'போதும்' என்று சொல்ல வேண்டியதில்லை, தட்டே சொல்லிவிடும். சிடி வந்ததும் அது 74 நிமிடத்துக்கு மேல் போனது, ஸ்ட்ரீமிங்கில் எல்லை என்பதே இல்லாமல் போனது. கோடிக்கணக்கில் விற்ற பேண்டிடம் 'இந்தப் பாட்டு வேண்டாம் சார்' என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்? ஆகவே அந்த வேலையை நாம் செய்வோம்.

எனக்குப் பிடித்த அளவு 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கம், அதாவது 45 நிமிடம். கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டருக்குப் பாட்டுப் பட்டியலோடு போனவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். கடைக்காரர் காதில் செருகிய பென்சிலை எடுத்து நிமிடங்களைக் கூட்டுவார். 'கடைசி ரெண்டுல ஒண்ண எடுத்துடு தம்பி' என்பார். நாம் அடம்பிடித்தால் கடைசிப் பாட்டு பாதியில் டொக்கென்று நிற்கும். அந்தக் கண்டிப்பு இல்லாமல் தொடங்கினால் பன்னிரண்டும் தேறிவிடும், ஒன்றையும் வெட்ட மனம் வராது.

ஒரு தாளில் பாட்டுப் பெயர்களை நீளத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது ஒன்றை மட்டும் குறித்தால் போதும்: எந்த நிமிடத்தில் உங்கள் கை போனை எடுத்தது? 'சேஸிங் லைட்' பாட்டில் எனக்கு மூன்றாவது நிமிடம் தாண்டவில்லை. 'ரூம் ஆஃப் மிரர்ஸ்' முடியும்வரை கை போகவே இல்லை. மறுநாள் காலை பல் தேய்க்கும்போது எந்த ரிஃப் தானாக வாயில் வருகிறது என்றும் பாருங்கள். வந்த பாட்டுக்கு ஒரு டிக். மனசாட்சிக்கு எதிராகப் பொய் டிக் போடக் கூடாது.

பிறகு ஒரே வேகத்தில் நடக்கும் பாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஸ்லீப்வாக் மை லைஃப் அவே' 6:56, 'யூ மஸ்ட் பர்ன்' 7:03, 'கிரவுன் ஆஃப் பார்ப்ட் வயர்' 5:49, 'சேஸிங் லைட்' 6:45, 'இஃப் டார்க்னஸ் ஹேட் எ சன்' 6:36. தனித்தனியாக எதுவும் மோசம் இல்லை. ஆனால் அடுத்தடுத்து வரும்போது ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியதே தெரிவதில்லை. ஐந்தையும் எடுத்தேன். 33 நிமிடம் போனது.

மிச்சம் ஏழு பாட்டு. எல்பி தட்டுபோல இரண்டாகப் பிரித்தால், முதல் பக்கம்: '72 சீசன்ஸ்' 7:39, 'ஷேடோஸ் ஃபாலோ' 6:12, 'ஸ்க்ரீமிங் சூசைட்' 5:30, 'லக்ஸ் ஈட்டெர்னா' 3:22. இரண்டாம் பக்கம்: 'டூ ஃபார் கான்' 4:34, 'ரூம் ஆஃப் மிரர்ஸ்' 5:34, 'இனமோராட்டா' 11:10. மொத்தம் 44:01. வரிசையைக்கூட மாற்றத் தேவைப்படவில்லை. 1983இன் 'கில் எம் ஆல்' காலத்து வேகத்தில் ஓடும் 'லக்ஸ் ஈட்டெர்னா' முதல் பக்கத்தைச் சட்டென்று முடித்துவைக்கிறது. முழு ஆல்பத்தில் நடுவில் புதைந்து கிடந்த பாட்டு அது.

நீளம்தான் குறை என்றால் 'இனமோராட்டா' எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். இந்த பேண்ட் பதிவுசெய்த சொந்தப் பாட்டுகளிலேயே மிக நீளமானது அதுதான். ஆனால் அந்தப் பதினொரு நிமிடத்துக்குள் பாட்டு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது. பாதி வழியில் கிட்டார்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ராபர்ட் ட்ரூஹியோவின் பேஸ் தனியாக நடக்கும். அதன்மேல் டிரம் மெல்லத் தட்டிக்கொண்டு வரும், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப வந்து சேரும். அந்த இடத்தை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும். ஆக, வெட்டும்போது நிமிடத்தை மட்டும் பார்க்காமல், அந்த நிமிடத்தில் ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள்.

பிளேலிஸ்ட் போட்டதும் ஆப்பில் கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள், ஆட்டோபிளேயையும் சேர்த்து. இல்லாவிட்டால் 'இனமோராட்டா' அடங்கும் முன்பே சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பாட்டு உள்ளே நுழையும். பாதிப் பட்டியலைத் தூக்கியெறிந்த ஆல்பத்துக்கு இரட்டை எல்பி வாங்கும் செலவையும் இப்போதைக்குத் தள்ளிப்போடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் ஒரு சோதனை பாக்கி. வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை யாராவது இருந்தால் எது பழசு எது புதுசு என்று சொல்லாமல் மூன்று பாட்டுகளைப் போட்டுக் காட்டுங்கள். என் அக்கா மகனுக்கு மெட்டாலிகா என்றால் 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டு மட்டும்தான். அவனுக்கு 'ஷேடோஸ் ஃபாலோ' பிடித்துப்போனது. 'ஆனா மாமா, இவங்க சோலோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கே' என்றான். பழைய பாசம் ஏதும் இல்லாத காதுக்கும் அது தட்டுப்படுகிறது என்றால் குறை நிஜம்தான், வயசான ரசிகனின் புலம்பல் இல்லை. தலைப்பில் உள்ள 72 பருவங்கள் வாழ்வின் முதல் 18 வருடங்களைக் குறிக்கின்றன என்று ஹெட்ஃபீல்டே சொல்லியிருக்கிறார். நானும் அந்தக் கணக்குக்குள் இருந்தபோது கேட்ட ஆல்பங்களைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். அதனால் அவன் காதும் தேவைப்பட்டது.

மேடையையும் பாருங்கள். புதுப் பாட்டுகளில் எதை பேண்ட் வருடக்கணக்கில் விடாமல் வாசிக்கிறது, எதைச் சத்தமில்லாமல் கைவிடுகிறது என்பது நல்ல அறிகுறி. 'செயின்ட் ஆங்கர்' பாட்டுகள் அவர்கள் கச்சேரிகளில் அரிதாகவே தலைகாட்டுகின்றன. இவர்கள் 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோதும் கூட்டம் கத்தியது எண்பதுகளுக்கும் பேண்டின் பெயரிலேயே வந்த 1991இன் கருப்பு அட்டை ஆல்பத்துக்கும்தான்.

வெட்டிய ஐந்தையும் அழித்துவிடாதீர்கள். தனிப் பட்டியலில் போட்டு வையுங்கள், சில மாதம் கழித்து ஒன்று மேலே ஏறி வரலாம். எனக்கு இப்போது 'யூ மஸ்ட் பர்ன்' மேல் ஒரு கண் இருக்கிறது. அதைச் சேர்த்தால் தலைப்புப் பாட்டு வெளியே போக வேண்டும், ஆல்பம் 'ஷேடோஸ் ஃபாலோ'விலிருந்து தொடங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 43:25 வருகிறது, கேசட்டில் இடம் இருக்கிறது.