இங்க் செலவ குறைக்கணுமா? புரொஃபைல் கன்வர்ஷன்ல கை வைங்க

இங்க் மிச்சம் பண்ணணும்னு சொன்னா நிறைய பேர் போட்டோஷாப்ல கர்வ்ஸ்ஸ எடுத்து நாலு கலரையும் கொஞ்சம் கொஞ்சம் எறக்கி விட்டுடறாங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, படம் வெளிறிப் போகும், கிரே எல்லாம் ஒரு பக்கமா சாயும். படம் அப்படியே தெரியணும், ஆனா இங்க் கம்மியா விழணும்னா அதுக்கு சரியான எடம் ஸ்கிரீனுக்கான ஆர்ஜிபில இருந்து பிரிண்ட்டுக்கான நாலு இங்க், அதாவது சிஎம்ஒய்கேக்கு (சியான், மெஜந்தா, எல்லோ, கருப்பு) மாத்தற அந்த ஒரு ஸ்டெப் தான். எந்த கலருக்கு எந்த இங்க் எவ்ளோன்னு சொல்ற புரொஃபைல்ங்கற ஃபைல வெச்சு தான் அத பண்றோம்.

விஷயம் இது தான். சியான், மெஜந்தா, எல்லோ மூணும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா ஒரு கிரே வரும், அதே கிரேய கருப்பு ஒண்ணே குடுத்துரும். உதாரணத்துக்கு ஒரு டார்க் பிரவுன் எடுத்துக்கோங்க, சி 60 எம் 75 ஒய் 85 கே 10 (எல்லாம் சதவீதம், கே தான் கருப்பு), கூட்டினா 230. இதுல சியான் இருக்கறதே கலர மங்க வைக்கத்தான், அந்த வேலைய கருப்புகிட்ட குடுத்துட்டா தோராயமா சி 20 எம் 50 ஒய் 65 கே 50ன்னு வரும், மொத்தம் 185, கண்ணுக்கு கிட்டத்தட்ட அதே பிரவுன். இதுக்குப் பேர் ஜிசிஆர் (கிரே காம்பொனென்ட் ரீப்ளேஸ்மென்ட்). யுசிஆர் (அண்டர் கலர் ரிமூவல்)னு இன்னொண்ணு இருக்கு, அது நியூட்ரல் ஷேடோல, அதாவது எந்த கலர் சாயலும் இல்லாத இருட்டான எடத்துல மட்டும் தான் வேலை செய்யும், அதனால மிச்சமும் கம்மி தான்.

மொதல்ல இப்ப எவ்ளோ இங்க் விழுதுன்னு பாருங்க. அக்ரோபேட் ப்ரோல அவுட்புட் ப்ரிவ்யூ தொறந்து டோட்டல் ஏரியா கவரேஜ் (ஒரு எடத்துல விழற நாலு இங்க்கோட கூட்டுத்தொகை) டிக் பண்ணி 300 போட்டீங்கன்னா அதுக்கு மேல போற எடமெல்லாம் கலர்ல காட்டிரும். போட்டோஷாப்ல இன்ஃபோ பேனல்ல டோட்டல் இங்க்னு வைக்கலாம், மவுஸ ஷேடோ மேல ஓட்டினா நம்பர் தெரியும். ஃபோக்ரா39ங்கற ஆர்ட் பேப்பர் ஆஃப்செட் ஸ்டாண்டர்டுக்கான ஐஎஸ்ஓ கோட்டட் வி2 புரொஃபைல் 330 வரைக்கும் போகும், அதுலயே 300 லிமிட் உள்ள வெர்ஷனும் இருக்கு, ஆர்ட் பேப்பர்ல பெரும்பாலான வேலைக்கு 300 தாராளமா போதும். நியூஸ்பிரிண்ட்னா 220ல இருந்து 240க்குள்ள நிக்கணும், இல்லன்னா காயவே காயாது, பின்பக்கம் ஒட்டிக்கும்.

எந்த புரொஃபைல்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, பிரஸ்ல கேட்டு வாங்குங்க. கெடச்சதும் எடிட் மெனுல கன்வர்ட் டு புரொஃபைல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷன் ஆன், அவ்ளோ தான். அசைன் புரொஃபைல் இல்ல, அது நம்பர மாத்தாது, படம் தெரியற விதத்த மட்டும் தான் மாத்தும், ஒரு துளி இங்க் கூட கொறையாது. எவ்ளோ கருப்பு போகணும்ங்கறது அந்த புரொஃபைலுக்குள்ளயே எழுதியிருக்கும், அதனால ஒரே பேப்பருக்கு மீடியம் ஜிசிஆர்ல ஒண்ணு, ஹெவில ஒண்ணுன்னு ரெண்டு புரொஃபைல் பண்ணித் தரச் சொல்லலாம். போட்டோஷாப்ல கஸ்டம் சிஎம்ஒய்கேல லைட், மீடியம், ஹெவி, மேக்ஸிமம்னு மாத்திப் பார்க்கலாம், பிளாக் பிளேட் எப்டி கனமாகுதுன்னு புரிஞ்சுக்க அருமையான எடம், ஆனா அதோட இங்க் மாடல் பழசு, ஃபைனல் வேலைக்கு வேண்டாம்.

இப்ப ஜனங்க அதிகமா மாட்டற எடம். ஃபைல் ஏற்கனவே சிஎம்ஒய்கேல வந்திருக்குன்னு வைங்க, அத சாதாரண ஐசிசி புரொஃபைல் வழில இன்னொரு புரொஃபைலுக்கு மாத்தினா நடுவுல லேப் கலருக்கு (கண்ணுக்குத் தெரியற கலர மட்டும் நம்பரா சொல்ற முறை) போய்த்தான் திரும்பி வரும், அங்க கருப்புன்னு தனி சேனலே கெடையாது, அதனால கே 100 மட்டும் இருந்த எழுத்து நாலு கலரா பிரிஞ்சு வந்துரும், சின்ன எழுத்துல ரிஜிஸ்டர் (நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார்றது) ஒரு மயிரிழை தப்பினாலும் ஓரத்துல கலர் எட்டிப் பார்க்கும். இதுக்கு டிவைஸ் லிங்க் புரொஃபைல் தான் மருந்து, அது சிஎம்ஒய்கேல இருந்து சிஎம்ஒய்கேக்கு நேரா போகும், சுத்தமான கருப்ப தொடாம விடற மாதிரி அத பண்ணலாம். போட்டோஷாப்ல கன்வர்ட் டு புரொஃபைல அட்வான்ஸ்டுக்கு மாத்தினா டிவைஸ் லிங்க்க செலக்ட் பண்ணலாம், அந்த லிங்க் புரொஃபைல உருவாக்கறதுக்கு ஆர்கைல் சிஎம்எஸ்னு இலவச டூல் இருக்கு, கமாண்ட் லைன் தான், பழகிக்கணும்.

இங்க் மிச்சத்த விட எனக்கு ஜிசிஆர்ல புடிச்சது வேற. கிரே பெரும்பாலும் கருப்புலயே நிக்கறதால மெஷின்ல சியான் கொஞ்சம் ஏறினாலும் எறங்கினாலும் படம் பச்சையாவோ சிவப்பாவோ ஓடாது. ஷீட் சீக்கிரம் காயும், ஷீட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க தூவற பவுடர் கம்மியா போதும். மெஷின்ல நிக்கறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு அவங்களுக்குத் தான் தெரியும்.

அதுக்காக மேக்ஸிமத்துக்குப் போகாதீங்க. முகத்துல கருப்புப் புள்ளி விழுந்து தோல் அழுக்கா, கரடுமுரடா தெரியும், ஷேடோல கலர் இங்க் ரொம்ப கொறைஞ்சா கருப்பு ஆழமில்லாம சாம்பலா நிக்கும். என் கணக்குல முகம் நிறைய இருக்கற வேலைக்கு மீடியம், மரம், மெஷின், கட்டடம் மாதிரி படத்துக்கு ஹெவி.

மொத்த வேலையையும் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு முகம், ஒரு கிரே ஸ்கேல், ஒரு டார்க் படம் மூணையும் பழைய செட்டிங்லயும் புதுசுலயும் ஒரே ஷீட்ல பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பாருங்க, ஸ்கிரீன நம்பி முடிவு பண்ணாதீங்க. அப்புறம் ஆர்ஜிபி ஒரிஜினல பத்திரமா வைங்க, எடிட்டிங் எல்லாத்தையும் அதுலயே முடிச்சுட்டு கடைசில ஒரே ஒரு தடவ கன்வர்ட் பண்ணுங்க, ஏன்னா ஹெவி ஜிசிஆர் ஆன ஃபைல்ல கலர் கரெக்ஷன் பண்ண சியான எவ்ளோ இழுத்தாலும் கிரே அசையாது.