ஓட்டாத வண்டிக்கு வந்த ஹெல்மெட் அபராதம்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பைத் தாண்டாத அப்பச்சியின் ஸ்கூட்டருக்கு, வெளியூர் சிக்னலில் ஹெல்மெட் போடவில்லை என்று இ-சலான். இங்கே ஸ்டேஷனில் கேட்டால், சலானில் இருக்கிற, வண்டியின் உடலில் பொறித்த எண்ணைக் காட்டி, "சேசிஸ் நம்பர் உங்களதுதானே?" என்கிறார்கள். சேவை மையத்திலோ, "ஆயிரம் ரூபாய்தானே, கட்டிருங்கண்ணே!" கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட கணக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவில் லைசென்ஸை 3 மாதம் முடக்கவும் இடமுண்டு.

சலானில் இருந்த படத்தைப் பெரிதாக்கினேன். அது கியர் பைக். அலங்கார எழுத்துப் பிளேட்டில் 3-இன் வாய் மூடி 8 போலத் தெரிகிறது. அந்த 8-ஐ அடித்ததும் எங்கள் ஸ்கூட்டரின் சேசிஸ் நம்பரைப் பதிவேட்டிலிருந்து கணினியே இழுத்துப் போட்டிருக்கிறது. ரோட்டில் யாரும் பார்த்து எழுதியதல்ல.

பரிவாகன் இ-சலான் தளத்தின் புகார் பகுதியில் அந்தப் படம், ஆர்சி, நம்பர் தெரிகிற ஸ்கூட்டர் படம் மூன்றையும் ஏற்றினேன். சலான் ரத்து. அப்பாடா!