அரிகா பாம் தொட்டி மாற்றுவது: வேரைப் பிரிக்காதீர்கள், ஆழத்தைக் கவனியுங்கள்

மா, கொய்யா போன்ற கன்றுகளைத் தொட்டி மாற்றும்போது சுருண்ட வேரைப் பிரித்துவிடச் சொல்வார்கள். சரிதான்; அந்த வேர் ஆண்டுக்கு ஆண்டு பருத்து, கடைசியில் தண்டையே நெரித்துவிடும். வீட்டில் அழகுக்கு வளர்க்கும் பனை வகையான அரிகாவுக்கு அதையே செய்தால் நல்ல வேரெல்லாம் முறிந்து செடி ஓய்ந்துவிடும். பனைக் குடும்பத்து வேர் கிளம்பும்போது எவ்வளவு தடிமனோ, கடைசி வரை அவ்வளவுதான். தண்டின் அடியிலிருந்து புதிது புதிதாக வேர் விட்டுக்கொண்டே இருக்கும். எனவே சுருண்டு கிடந்தாலும் தண்டை நெரிக்காது, பிரிக்கும் வேலையே இல்லை.

அடி ஓட்டையில் ஒரு வேர் எட்டிப் பார்த்ததும் மாற்ற ஓட வேண்டாம். செடி தொட்டியை விட்டு மேலே எழும்பி நிற்கிறது, ஊற்றிய தண்ணீர் மண்ணில் ஊறாமல் ஓரமாக இறங்கிவிடுகிறது என்றால் நேரம் வந்துவிட்டது. சமவெளியில் ஆடி, ஆவணி நல்ல பருவம். கத்திரி வெயிலில் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிர்காலத்தைத் தவிருங்கள். மண் குளிர்ந்திருந்தால் புது வேர் ஓடாது.

10 அங்குலத் தொட்டியில் இருந்தால் அடுத்தது 12 அங்குலம். ஒரேயடியாக 18-க்குத் தாவினால், வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். வாய் குறுகிய பானை வடிவத் தொட்டி பார்க்க அழகு, ஆனால் அடுத்த முறை உடைத்துத்தான் செடியை எடுக்க முடியும். புதுச் சிமெண்ட் தொட்டி என்றால் சில நாள் தண்ணீர் நிரப்பிக் கொட்டி, சுண்ணாம்பை இறக்கிவிடுங்கள். அடியில் ஜல்லி நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தவறான நம்பிக்கை. வேருக்கான இடம்தான் குறையும். ஓட்டை மேல் ஒரு ஓட்டுச் சில்லு போதும்.

மண் கலவை: செம்மண் 2 பங்கு, பருமணல் 1, உப்புப் போகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவு 1, மண்புழு உரம் 1. எம்-சாண்ட் போடுவதானால் தூசியைச் சலித்துவிட்டுப் போடுங்கள். சூப்பர் பாஸ்பேட் சேர்க்க வேண்டாம். அதிலிருக்கும் ஃபுளோரைடு அரிகாவுக்கு ஆகாது, இலை நுனி கருகும்.

முந்தின நாள் மாலை தண்ணீர் ஊற்றி வையுங்கள். பாலித்தீன் கவரைப் பிளேடால் கிழித்துவிடலாம். பிளாஸ்டிக் தொட்டியைப் படுக்கவைத்து உருட்டி அழுத்தினால் மண் கழன்றுகொள்ளும். மண்தொட்டிக்குக் கொத்தனார் கரண்டியை ஓரமாக விட்டுச் சுற்றி வர வேண்டும். கடையில் விற்கும் தோட்டக் கரண்டிகள் இந்த வேலைக்கு வளைந்துபோகும், கொத்தனார் கரண்டியே மேல். எடுக்கும்போது வேர்ப்பந்தை (வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டையை) அடியில் தாங்குங்கள், தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள்.

வேர் வெளிர் நிறமாகவோ பழுப்பாகவோ உறுதியாக இருந்தால் தொடாமல் விடுங்கள். கறுத்து நைந்து, விரலால் இழுத்ததும் மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நார் மட்டும் மிஞ்சினால் அது அழுகல். அதை மட்டும் வெட்டி எடுங்கள்.

இனி ஆழம். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். செடி ஆடுகிறதே என்று தண்டை நாலு விரற்கடை மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள். உடனே எதுவும் தெரியாது. வேர் கிளம்பும் இடம் காற்றில்லாமல் திணறும். இரும்பும் மாங்கனீசும் எடுக்க முடியாமல் பல வாரம் கழித்துப் புது இலை வெளிறிப்போய் வரும். உரக்குறை என்று நினைத்து உரம் போட்டால் இன்னும் கெடும். பழைய மண்மட்டம் எங்கே இருந்ததோ, புதுத் தொட்டியிலும் அங்கேயே இருக்க வேண்டும். ஒரே விதிவிலக்கு: மண் கரைந்து, தண்டின் அடியில் புது வேர் முனைகள் கூம்பு கூம்பாக வெளியே தெரிந்தால், அவை மறையும் அளவுக்கு மட்டும் மண் போடலாம், அதாவது ஓர் அங்குலத்துக்குள். ஆடுகிற செடிக்குக் குச்சி நட்டுக் கட்டுங்கள்.

பக்கங்களில் மண்ணை நிரப்பி, மூங்கில் குச்சியால் குத்திக் குத்தி இறக்குங்கள். மேலே 2 அங்குலம் தண்ணீருக்கு விடுங்கள். அடியில் வழியும் வரை ஊற்றி, மண் இறங்கிய இடத்தை நிரப்பி மீண்டும் ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் நிழலில் இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு உரம் வேண்டாம்.

அடி இலை மஞ்சளானதும் வெட்டாதீர்கள். செடி அதிலிருந்து பொட்டாசியத்தை உறிஞ்சிப் புது இலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். முழுக்கக் காய்ந்தபின் வெட்டலாம்.

பின்சேர்க்கை 1: "மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது" என்று பலர் கேட்டார்கள். ஈரமாக இருப்பது சுற்றியுள்ள புது மண். நடுவிலுள்ள பழைய வேர்ப்பந்து காய்ந்து கிடக்கும். முதல் சில வாரம் ஓரத்தில் ஊற்றாமல் தண்டை ஒட்டி ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை 2: ஒரு தொட்டியில் பத்துப் பதினைந்து தண்டு இருக்கிறதே, பிரித்து நடலாமா? நர்சரியில் பல நாற்றுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள், வேர்கள் பின்னிக் கிடக்கும். பிரித்தால் மெலிந்தவை போய்விடும். வேறு வழியில்லை என்றால் இரண்டாக மட்டும் பிரியுங்கள்.

பின்சேர்க்கை 3: இந்த முறையைப் பனங்கன்றுக்கும், பிஸ்மார்க் பாம் என்ற அழகுப் பனைக்கும் போடாதீர்கள். அவற்றின் முளையே மண்ணுக்குள் ஆழமாக இறங்கித்தான் வேர்விடும், அசைத்தால் தாங்காது. வைப்பதானால் முதலிலேயே தரையில் வையுங்கள்.