சிபில் குறைவு, வீட்டுக் கடன் இல்லை என்று சொன்ன பிறகு அவசரத்தில் செய்யும் தவறுகள்

எங்கள் மாமா பையன் மதுரை கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறான். ஊமச்சிகுளத்தில் ஒரு வீடு மனசுக்குப் பிடித்துப்போய், 28 லட்சம் விலை பேசி, மனைவி நகையை அடகு வைத்து 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதக் கெடு போட்டு அக்ரிமென்டும் எழுதிவிட்டு, அதற்கு அப்புறம்தான் வங்கிக்குப் போனான். சிபில் ஸ்கோர், அதாவது வாங்கிய கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் மதிப்பெண், 628தான், கடன் கிடைக்காது என்று இரண்டே நாளில் சொல்லிவிட்டார்கள். கெடு ஓடுகிறதே என்ற பயத்தில் அடுத்த மூன்று வாரத்தில் ஆறு இடத்தில் விண்ணப்பம் போட்டான், அதில் இரண்டு மொபைல் செயலிகள். ஆறாவது இடத்தில் பார்த்தபோது ஸ்கோர் 601.

ஸ்கோர் குறைந்திருப்பது யாருக்கும் வரலாம், அதைச் சரி செய்யவும் முடியும். முதல் தடவை 'இல்லை' என்று கேட்ட பிறகு வரும் அந்த ஒரு மாதம் இருக்கிறதே, அதில் செய்கிற காரியங்கள்தான் குடும்பத்தைக் கவிழ்க்கின்றன. என் சொந்தத்திலேயே இதை மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அட்வான்ஸ். கடன் தேறுமா என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீடு கைவிட்டுப் போய்விடும் என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், 'வங்கிக் கடன் கிடைக்காத பட்சத்தில் முன்பணத்தை இத்தனை நாளில் திருப்பித் தருவேன்' என்ற வரியை அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். விற்கிறவர் மாட்டேன் என்றால் அந்த வீடு நமக்கு வேண்டாம். எங்கள் பையனின் அக்ரிமென்டில் அந்த வரி இல்லை. 2 லட்சத்தில் பாதியைத் திரும்ப வாங்கவே நான்கு மாதம் நடந்தான்.

அடுத்தது, அடுத்தடுத்து விண்ணப்பம் போடுவது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த நிறுவனம் உங்கள் கடன் அறிக்கையை, அதாவது நீங்கள் வாங்கிய கடன்களும் கட்டிய விதமும் இருக்கும் பதிவை, எடுத்துப் பார்க்கும், பார்த்தது பதிவாகும். குறுகிய காலத்தில் ஐந்தாறு பதிவு இருந்தால், இவருக்குப் பணம் எங்கும் கிடைக்கவில்லை, அலைகிறார் என்றுதான் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது. இதைத் தெரியாமல், பார்த்தாலே குறைந்துவிடும் என்று பயந்து வருஷக்கணக்காகப் பார்க்காமலே இருக்கிறவர்கள் நிறையப் பேர். நாட்டில் நான்கு நிறுவனங்கள் இந்த அறிக்கையைத் தருகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் எடுங்கள், ஒன்றில் இருக்கும் பிழை இன்னொன்றில் இல்லாமல் இருக்கலாம்.

நானும் அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவன் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டம் இருக்கும். நாள் தவறாமல் கட்டியிருந்தால் 000 என்றும், தாமதம் என்றால் எத்தனை நாள் என்ற எண்ணும் இருக்கும். தவணையில் வாங்கிய ஒரு போன், அதன் கடைசித் தவணை கணக்கில் பணம் இல்லாமல் திரும்பி, அதற்கான அபராதம் 590 ரூபாய் நிலுவையில் நின்று, கட்டம் கட்டமாக 030, 060, 090 என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. போன் உடைந்து தூக்கிப் போட்டே இரண்டு வருஷம். 590 ரூபாய் பாக்கி இருப்பதே அவனுக்குத் தெரியாது!

அதற்குக் கீழே ஒரு கிரெடிட் கார்டு, 'செட்டில்ட்' என்று. கொரோனா சமயத்தில் கடை மூடிக் கிடந்தபோது 41,000 ரூபாய் பாக்கிக்கு 18,000 கட்டினால் போதும் என்று போனில் பேசி முடித்திருக்கிறார்கள். கணக்கு முடிந்தது என்று இவன் நினைத்தான். 'செட்டில்ட்' என்றால் கடனை முழுசாக அடைக்கவில்லை, மிச்சத்தை வங்கி விட்டுக்கொடுத்தது என்று அர்த்தம். வீட்டுக் கடன் தருகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது இந்த வார்த்தைதான். இன்றைக்கும் ஊரில் பலர் 'நல்ல ஆஃபர்' என்று சந்தோஷமாகச் செட்டில்மென்ட் போடுகிறார்கள், வயிறு எரிகிறது. கையில் பணம் இருந்தால் முழுசாக அடையுங்கள். ஏற்கெனவே செட்டில்மென்ட் போட்டிருந்தால், அந்த வங்கிக்கே போய் மிச்சத் தொகையைக் கட்ட முடியுமா என்று கேட்டு, கட்டி, பாக்கி இல்லை என்று சொல்லும் நோ டியூஸ் சான்றிதழ் வாங்கி, 'குளோஸ்ட்' என்று மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

அறிக்கையில் உங்களுடையதே இல்லாத கடன் இருந்தாலோ, அடைத்த கடன் இன்னும் நிலுவையாக நின்றாலோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்து, அது 2024 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. போனில் சொன்னேன், மேனேஜரிடம் வாயால் சொன்னேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

மனைவியைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்த்தால் கடன் சுலபமாகிவிடும் என்று சொல்வார்கள். அவருக்கு வருமானம் இருந்து ஸ்கோரும் நன்றாக இருந்தால் உண்மைதான். ஆனால் அவருடைய அறிக்கையையும் முன்னாலேயே எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் குழுக் கடன் இல்லாத தெரு கிடையாது. வாரத் தவணை கட்டும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களும் இந்த அறிக்கைகளில் ஏறுகின்றன. யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான், அவர் கட்டாமல் விட்டால் அந்தக் கறை உங்கள் பெயரிலும் ஒட்டும்.

இன்னொரு கூட்டம், 'சிபில் சரி செய்து தருகிறோம், பத்தாயிரம் கொடுங்கள்' என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள். உண்மையான பதிவை வெளியாள் யாராலும் அழிக்க முடியாது. பிழையைத் திருத்தப் பணமே வேண்டாம், நீங்களே செய்யலாம். பான், ஆதார், ஓடிபி மூன்றையும் இவர்களிடம் கொடுத்துவிட்டு, தன் பெயரில் புதுக் கடன் முளைத்ததைப் பார்த்துப் பதறியவரை எனக்குத் தெரியும். கடன் சாங்ஷன் ஆவதற்கு, அதாவது ஒப்புதல் கிடைப்பதற்கு முன்னாலேயே ஒரு தனி ஆளின் நம்பருக்கு 'பிராசஸிங் ஃபீஸ்' அனுப்பச் சொன்னால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, குறைந்த ஸ்கோரில் கடனே கிடைக்காதா? கிடைக்கும். குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் வைக்கவில்லை, அது ஒவ்வொரு நிறுவனத்தின் முடிவு. வங்கி மறுப்பவர்களுக்கு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் கொடுக்கின்றன. சம்பளச் சீட்டு இல்லாத கடைக்காரர், லோடு வண்டி ஓட்டுகிறவர் என்றாலும் கடைக்கே வந்து வியாபாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். ஆனால் வட்டி கூடுதல். கணக்கைப் பாருங்கள்: 20 லட்சம், 20 வருஷம், 9 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 18,000. அதுவே 12 சதவீதம் என்றால் சுமார் 22,000. மொத்தத்தில் 9.66 லட்சம் அதிகம் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் மேலே ஒரு மாடி எழுப்பலாம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ பொறுத்து, நிலுவையை அடைத்து, கிரெடிட் கார்டு செலவு அதன் வரம்பில் முப்பது சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, அப்புறம் வங்கிக்குப் போவதுதான் நல்லது என்பது என் கருத்து.

பொறுக்கவே முடியாது என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் முக்கிய விவர அறிக்கையை (கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்) கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரிலிருந்து இதைக் கொடுத்தே ஆக வேண்டும், எல்லாச் செலவும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் இருக்கும். மாறும் வட்டியா என்று பாருங்கள். தனிநபர் வீட்டுக் கடனில் மாறும் வட்டி என்றால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, ஆகவே இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டி வட்டி குறைவான வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்து எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள், அது கட்டாயம் என்று சட்டம் இல்லை.

கடைசியாக, கைப்பணம். 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது உச்ச வரம்பு, ஸ்கோர் குறைந்தவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள். பத்திரச் செலவு தனி: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 28 லட்சத்துக்கு 2.52 லட்சம், பெரும்பாலும் நம் கைக்காசு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் மூணு வட்டி, அஞ்சு வட்டி என்று போய் நிற்கிறார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். அந்த வட்டியையும் வங்கித் தவணையையும் ஒரே சம்பளத்தில் கட்ட யாராலும் முடியாது. மூன்று தவணை விட்டாலே கடன் வாராக்கடன் ஆகிவிடும், அப்புறம் 60 நாள் நோட்டீஸ், அதற்கு மேல் வீட்டையே எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

எங்கள் பையன் அந்த வீட்டை விட்டுவிட்டான். போனுக்கான 590 ரூபாயை அன்று சாயங்காலமே கட்டினான், கார்டு மிச்சத்தை நான்கு மாதத்தில் கட்டினான். போன வாரம் பார்த்தபோது ஸ்கோர் 704. ஆனையூர் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறானாம், அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.