பழைய கண்ணாடியை மாட்டுமுன் அதன் முதுகைப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலோ பழங்காலக் கண்ணாடி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டும் பார்த்து விலை பேசிவிடுகிறார்கள். அது எங்கே தொங்கலாம், எப்படித் துடைக்கலாம், எத்தனை வருடம் தாங்கும் என்பதையெல்லாம் சொல்வது பின்பக்கம்தான். 'பெல்ஜியம் கண்ணாடி' என்று கடைக்காரர் சொல்வதைக் காதோடு விட்டுவிடுங்கள். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி வந்தது உண்மைதான்; ஆனால் விளிம்பைச் சரிவாகப் பட்டை தீட்டிய எதற்கும் இப்போது அந்தப் பெயர்தான்.

முதலில் பின்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். கண்ணாடியின் முதுகில் செம்பழுப்பாகவோ கருப்பாகவோ பெயின்ட் பூசியிருந்தால் அது வெள்ளி படியவைத்த கண்ணாடி. 1835-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கண்டறிந்த முறையிலிருந்து வளர்ந்தது இது. பெயின்ட் இல்லாமல், சாம்பல் நிறத்தில் பொடி மினுமினுப்போடு இருந்தால் வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்த பழைய முறை. 'ரசம் போன கண்ணாடி' என்று நாம் சொல்வதில் உள்ள ரசம் அந்தப் பாதரசம்தான். பொருள் மாறியும் சொல் ஒட்டிக்கொண்டது. இந்த வகையைச் சுரண்டவோ சூடு காட்டவோ கூடாது. கீழ்ச்சட்டத்தில் சின்ன வெள்ளிமணிகள் உருண்டால் வாக்வம் கிளீனர் போடாதீர்கள், அது பாதரசத்தை ஆவியாக்கி அறை முழுக்கப் பரப்பும். படுக்கையறைக்கும் குழந்தைகள் அறைக்கும் இது வேண்டாம். காற்றோட்டமுள்ள கூடத்தில் இருக்கட்டும்.

அடுத்து பட்டை. கையால் தீட்டிய பட்டையின் சரிவு மிகக் குறைவு. விரலை ஓட்டினால் எங்கே தொடங்குகிறது என்றே சட்டென்று தெரியாது. இயந்திரத்தில் தீட்டியது செங்குத்தாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். டியூப்லைட்டின் பிம்பத்தைப் பார்த்தபடி தலையை அசையுங்கள். கோடு நெளிந்தால் பழைய கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். நெளியாவிட்டால் புதியது என்று முடிவுகட்ட வேண்டாம், அந்தக் காலத்திலேயே நன்றாக மெருகேற்றிய தடிக்கண்ணாடி உண்டு. சட்டத்தைத் தட்டி, கீழே மாவு உதிர்கிறதா பாருங்கள். தேக்கின் வைரப்பகுதியை, அதாவது கெட்டியான உள்மரத்தை, வண்டு அவ்வளவாகத் தொடாது. பர்மா தேக்கு என்று விற்கும் சட்டத்தில் வெளிர்நிற மாவு புதிதாக உதிர்ந்தால் அது வேறு மரத்துக்குச் சாயம் பூசியதாக இருக்கலாம். எப்படியானாலும் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பக்கத்து அலமாரிக்கும் போகும்.

எந்தச் சுவருக்கு எது? சாளரத்துக்கு நேர் எதிரே மாட்டினால் வெயிலடித்துக் கண் கூசும். சாளரம் இருக்கும் சுவருக்குச் செங்குத்தாக உள்ள பக்கச் சுவர் நல்லது. வெளிச்சம் அறைக்குள் திரும்பும், ரசமும் வெயிலில் காயாது. மாட்டுமுன் ஒருவர் கண்ணாடியைப் பிடிக்க, இன்னொருவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து பார்க்கட்டும். அதில் தெரிவது செருப்பு ஸ்டாண்டும் வாஷிங் மெஷினும் என்றால் எவ்வளவு அழகான சட்டமும் அந்தக் காட்சியை இரட்டிப்பாக்கவே செய்யும். கண்ணாடியின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 57 அங்குலத்தில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். மேசைக்கு மேலென்றால் 6 முதல் 8 அங்குல இடைவெளி விட்டு, மேசை அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் உயரத்தில் மாட்டிய கண்ணாடிகள் முன்னால் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 4 அடி உயரக் கண்ணாடியின் மேல்விளிம்பை இரண்டரை அங்குலம் முன்தள்ளினால் சாய்வு 3 டிகிரி. பார்வை அதைப்போல் இரு மடங்கு, 6 டிகிரி கீழே இறங்கும். நேராக மாட்டினால் மின்விசிறி தெரியும் இடத்தில், சாய்த்தால் தரை தெரியும். ஆத்தங்குடி ஓடு பதித்த வீட்டில் இதைவிட வேறென்ன வேண்டும்?

பல பாணிகளைக் கலக்கும்போது ஒரு சுவருக்கு மூன்று கண்ணாடிக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்று மட்டும் பெரியதாக இருக்கட்டும். செதுக்கிய தேக்குச் சட்டத்தின் பக்கத்தில் 1930-களின் சட்டமில்லாத பட்டைக் கண்ணாடி நன்றாக நிற்கும், ஒன்றின் கனத்தை மற்றது தணிக்கும். சட்டமே செதுக்கிய கண்ணாடித் துண்டுகளால் ஆன வெனிஸ் பாணிக்குத் தனிச் சுவர் கொடுங்கள், அது துணையைப் பொறுக்காது. குவி கண்ணாடி நடைவழியின் முனைக்கு. கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். மேற்பரப்பே பிம்பம் காட்டுவதால் விரல் வியர்வை நேரே அதைக் கெடுக்கும். கை எட்டாத மாடத்தில் வைத்து, மென்துணியால் மட்டும் துடையுங்கள். சுவரில் ஆணியடிக்குமுன் செய்தித்தாளை அந்தந்த அளவில் வெட்டி ஒட்டி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எடை: கண்ணாடி சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. 4-க்கு 3 அடி, 5 மி.மீ. என்றால் கண்ணாடி மட்டுமே 14 கிலோ. தேக்குச் சட்டம் தனி. பழைய கொக்கியையும் துருப்பிடித்த கம்பியையும் நம்பாதீர்கள். 18 மி.மீ. தடிமனுள்ள பலகையை நீளவாக்கில் 45 டிகிரியில் அறுத்து, ஒரு பாதியைச் சரிவு சுவரைப் பார்க்கும்படி மேல்நோக்கிச் சுவரிலும், மறுபாதியைத் தலைகீழாகச் சட்டத்தின் பின்னும் திருகச் சொல்லுங்கள். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். கண்ணாடி நேராக நிற்கக் கீழே அதே தடிமனில் ஒரு கட்டை. பின்னால் காற்றுப் போக வழியும் கிடைக்கும். சுவர்ப் பலகையை ரசமட்டம் வைத்துப் பொருத்துங்கள். சாய்த்து மாட்டுவதற்கு இது ஆகாது; கீழே இரண்டு தாங்கு கட்டை, மேலே சங்கிலி.

செங்கல் சுவரில் 8 மி.மீ. துளையும் 60 மி.மீ. பிளக்கும் போதும். பழைய சுண்ணாம்புச் சுவரில் பூச்சே ஒரு அங்குலம் இருக்கும். பிளக் முழுதும் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் உட்கார வேண்டும், எனவே 90 மி.மீ. துளையுங்கள். பூச்சைத் தாண்டும்வரை டிரில்லின் ஹாமரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பூச்சு அப்பளமாகப் பெயரும். எடை குறைந்த ஏஏசி பிளாக் (காற்றுத்துளைகள் நிறைந்த கான்கிரீட் கல்) சுவரில் சாதாரண பிளக் சுழன்றுவிடும், அதற்கென்றே விற்கும் பிளக்கை வாங்குங்கள்.

ரசம் போன புள்ளிகளுக்காக மறுபடி ரசம் பூசக் கொடுப்பது அவசர வேலை. பழைய பூச்சு போனால் அது திரும்ப வராது, மதிப்பும் குறையும். முகம் பார்த்தே ஆகவேண்டுமென்றால் அதே சட்டத்தில் புதுக் கண்ணாடி போட்டு, பழையதைப் போர்த்தி நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் தன் எடையிலேயே வளைந்து விரிசல் விடும்.

துடைக்கும்போது ஸ்பிரே நேராக அடிக்கக் கூடாது. திரவம் கீழ்விளிம்பில் இறங்கி, சட்டத்துக்குள் புகுந்து ரசத்தை அரிக்கும். ஓரம் கருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்தால் போதும். தேக்குச் சட்டத்துக்குத் தேன்மெழுகு. ஆளிவிதை எண்ணெய் பூசினால் அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை கண்ணாடியை இறக்கி, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, கரையான் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.