மறுகட்டமைப்பில் உள்ள இரண்டு ஐஸ் ஹாக்கி அணிகளின் எதிர்காலத்தை ஒப்பிடுவது எப்படி: சிகாகோவும் சான் ஹோசேயும்

வட அமெரிக்காவின் என்.எச்.எல். (தேசிய ஹாக்கி லீக்) தொடரில் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடக்கும் அணிகள் எல்லாம் ஒரே காரணத்துக்காக அங்கே கிடப்பதில்லை. சில அணிகள் வெல்ல முயன்று தோற்கின்றன. வேறு சில அணிகள் விலைபோகும் மூத்த வீரர்களை விட்டுக்கொடுத்து, இளையவர்களைச் சேர்த்து, நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பைக்குப் போட்டியிடலாம் என்ற கணக்கோடு தோல்விகளைப் பொறுத்துக்கொள்கின்றன. இந்த இரண்டாம் வகை அணிகள் இரண்டை எதிரெதிரே வைத்து எதற்கு எதிர்காலம் பிரகாசம் என்று கேட்டால், பலரும் இரு அணிகளின் முதல் நட்சத்திரங்களை மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். என் கருத்தில், ஓர் அணியிடம் எத்தனை திறமையாளர்கள் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒரே காலகட்டத்தில் பக்குவம் அடைவார்களா, அப்போது அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க, லீக் விதிக்கும் சம்பள உச்சவரம்புக்குள் இடம் இருக்குமா என்பதே முதன்மையான கேள்வி. இதைச் சோதிக்கும் முறையைச் சிகாகோ பிளாக்ஹாக்ஸ், சான் ஹோசே ஷார்க்ஸ் ஆகிய அணிகளை வைத்து, 2025 கோடை நிலவரப்படி விளக்குகிறேன்.

முதலில் ஒவ்வோர் அணியும் எதை விற்று எதை வாங்கியது என்பதைக் கடைசிக் கண்ணி வரை பின்தொடர வேண்டும். பரிமாற்றம் நடந்த நாளில் வரும் செய்தியில் பாதிக் கதைதான் இருக்கும். சான் ஹோசே 2018-இல் எரிக் கார்ல்சனை வாங்க ஒட்டாவாவுக்குக் கொடுத்தவற்றில் டிராஃப்டின் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) ஒரு முதல் சுற்று உரிமையும் இருந்தது; அதுவே 2020 டிராஃப்டில் 3-ஆவது இடமாகி, டிம் ஷ்டுட்ஸ்லே ஒட்டாவாவுக்குப் போனார். மைக் கிரியர் பொது மேலாளராக வந்த பிறகு, 2023-இல் கார்ல்சன் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பப்பட்டார். அதில் கிடைத்த உரிமை 2024 டிராஃப்டில் 14-ஆவது இடமாக வந்தது. அதனோடு 42-ஆவது இடத்தையும் பஃபலோவுக்குக் கொடுத்து, 11-ஆவது இடத்துக்கு ஏறி, சாம் டிக்கின்சன் என்ற தடுப்பு வீரரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதேபோல் தாமஸ் ஹெர்ட்டலை வேகஸுக்குக் கொடுத்தபோது வந்த டேவிட் எட்ஸ்ட்ரோம், சில மாதங்களிலேயே கோல்கீப்பர் யாரோஸ்லாவ் அஸ்காரோவை நாஷ்வில்லிடமிருந்து பெறும் விலையின் ஒரு பகுதியானார்.

சிகாகோவின் கணக்கும் இப்படித்தான். 2021-இல் சேத் ஜோன்ஸை வாங்கக் கொடுத்த உரிமைகளில் ஒன்று அடுத்த ஆண்டில் 6-ஆவது இடமாகி, கொலம்பஸுக்கு டேவிட் யிரிசெக்கைத் தந்தது. அது கசப்பான இழப்பு. ஆனால் 2022 டிராஃப்ட் நாளில் சிகாகோவின் பொது மேலாளர் கைல் டேவிட்சன் செய்தவற்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அலெக்ஸ் டிபிரின்கட்டைக் கொடுத்து 7-ஆவது இடத்தையும், கர்பி டாக்கைக் கொடுத்து 13-ஆவது இடத்தையும் அவர் பெற்றார். கெவின் கொர்ச்சின்ஸ்கியும் ஃபிராங்க் நசாரும் அப்படி வந்தவர்கள். அதே நாளில் டொரண்டோவுக்குச் சுமையாக இருந்த கோல்கீப்பர் பீட்டர் ம்ராசெக்கின் ஒப்பந்தத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு, 38-ஆவது இடத்திலிருந்து 25-ஆவது இடத்துக்கு ஏறி, சாம் ரின்செலை எடுத்தார். சம்பளக் கணக்கில் காலியாக இருந்த இடத்தையே ஒரு சரக்காக விற்ற இந்த ஒரு பரிமாற்றம், அந்த நிர்வாகத்தின் திறமையைப் பற்றிப் பத்து நேர்காணல்களைவிட அதிகம் சொல்கிறது.

இரண்டாவதாக, நட்சத்திரங்களை ஒரே வயதில் நிறுத்தி ஒப்பிட வேண்டும். 2023-இன் முதல் தேர்வான கானர் பெடார்ட் தன் முதல் பருவத்தில் 68 ஆட்டங்களில் 61 புள்ளிகள் எடுத்தார். 2024-இன் முதல் தேர்வான மேக்லின் செலப்ரினி தன் முதல் பருவத்தில் 70 ஆட்டங்களில் 63 புள்ளிகள் எடுத்தார். கோலும் கோலுக்குத் தந்த பாஸும் சேர்ந்த இந்தக் கணக்கில், இருவருமே ஆட்டத்துக்குச் சுமார் 0.90 புள்ளி. பெடார்ட் தாடை எலும்பு முறிந்து பல வாரங்கள் ஆடாமல் இருந்தும் புதுமுக வீரருக்கான கால்டர் கோப்பையை வென்றார். எனவே முதல் பருவ எண்களை வைத்து ஒருவரை உயர்த்துவதும் மற்றவரைத் தாழ்த்துவதும் வீண்வேலை. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. பெடார்ட் இரண்டாம் பருவத்தில் முழு 82 ஆட்டங்களும் ஆடி 67 புள்ளிகளே எடுத்தார். அதாவது ஆட்டத்துக்கான சராசரி சற்றுக் குறைந்தது. செலப்ரினி முதல் பருவத்திலேயே பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடப்படும் வட்டை) இழந்ததும் தன் எல்லைக்கு ஓடி வந்து தடுக்கும் சென்டராக (முன்வரிசையின் நடு வீரராக) ஆடினார். கோல் அடிப்பவர் தன் எல்லையையும் காப்பாரானால், பயிற்சியாளர் அவரை எதிரணியின் சிறந்த வரிசைக்கு எதிரே அச்சமின்றி இறக்கலாம். மற்ற வீரர்களுக்கு வேலை எளிதாகும். இதை வீரர்களின் புள்ளிக் கணக்கு காட்டாது. ஆட்டங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, நட்சத்திரத்துக்குப் பின்னால் நிற்கும் சென்டர் யார் என்று பார்க்க வேண்டும். சான் ஹோசேயில் 2025-இன் 2-ஆவது தேர்வான மைக்கேல் மீசா இருக்கிறார். ஒன்டாரியோ ஜூனியர் லீகில் 65 ஆட்டங்களில் 134 புள்ளிகள் எடுத்து வந்தவர். 2023-இன் 4-ஆவது தேர்வான வில் ஸ்மித்தும் இருக்கிறார். சிகாகோவில் நசாரும், 2025-இன் 3-ஆவது தேர்வான ஸ்வீடன் வீரர் ஆன்டன் ஃப்ரொண்டெலும் இருக்கிறார்கள். இந்த வரிசையில் சான் ஹோசே ஒரு படி மேலே என்பதில் எனக்கு ஐயமில்லை.

தடுப்பு வரிசைக்கு வந்தால் படம் தலைகீழாகிறது. அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான், ஏனெனில் தடுப்பு வீரர்கள் முன்வரிசை வீரர்களைவிடத் தாமதமாகவே பக்குவமடைகிறார்கள். அவர்களைச் சந்தையில் வாங்கப் போனால் விலை தாங்காது. வலக்கையாக ஆடும் தடுப்பு வீரர்கள் இன்னும் அரியவர்கள். சிகாகோவிடம் அப்படிப்பட்ட இருவர், 2024-இன் 2-ஆவது தேர்வான ஆர்ட்டியோம் லெவ்ஷுனோவும் ரின்செலும், இருக்கிறார்கள். அவர்களோடு நீண்ட கால ஒப்பந்தத்தில் அலெக்ஸ் விளாசிக்கும், இன்னும் தன்னை நிரூபிக்க வேண்டிய கொர்ச்சின்ஸ்கியும் இருக்கிறார்கள். சான் ஹோசேயிடம் அந்தத் தரத்தில் டிக்கின்சனைத் தவிர உறுதியாகச் சொல்ல ஆளில்லை. 2024-25-இல் அணிகளின் பட்டியலில் 52 புள்ளிகளோடு கடைசியாக முடித்த சான் ஹோசேக்கு முதல் தேர்வு கிடைக்க 25.5 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. ஆனால் தேர்வு வரிசையை முடிவுசெய்யும் குலுக்கலான லாட்டரியில் பத்தாவது வரிசையில் நின்ற நியூயார்க் ஐலண்டர்ஸ் வென்று, மேத்யூ ஷேஃபர் என்ற தடுப்பு வீரரை எடுத்துக்கொண்டது. சான் ஹோசே இரண்டாவதுக்கும், 61 புள்ளிகள் எடுத்திருந்த சிகாகோ மூன்றாவதுக்கும் இறங்கின. தனக்கு மிகத் தேவைப்பட்ட வகை வீரரை ஓர் அணி குலுக்கலில் இழக்கலாம் என்பதை, எந்த ஒப்பீட்டிலும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கோல்கீப்பர்களில் 2001-இல் பிறந்த ஸ்பென்சர் நைட், 2025 மார்ச்சில் ஜோன்ஸைக் கொடுத்த பரிமாற்றத்தில் சிகாகோவுக்கு வந்தவர். 2002-இல் பிறந்த அஸ்காரோவைவிட அனுபவம் கூடியவர். ஆனாலும் கோல்கீப்பர்களைப் பற்றிய கணிப்புகள் அடிக்கடி பொய்க்கும் என்பதால், இந்த இடத்துக்கு நான் குறைந்த மதிப்பெண்ணே தருவேன்.

பிறகு பணம். 18 வயதில் தேர்வாகும் வீரரின் முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகள். செலப்ரினியின் சம்பளம், ஆட்டத்திறன் போனஸ் நீங்கலாக, ஆண்டுக்கு 9,75,000 டாலர். அணியின் சம்பள உச்சவரம்போ 2025-26-இல் 9.55 கோடி டாலர்; அடுத்த ஆண்டுக்கு 10.4 கோடி, அதற்கடுத்து 11.35 கோடி என்று லீக் முன்கூட்டியே அறிவித்திருக்கிறது. நட்சத்திரம் மலிவாக இருக்கும் இந்தச் சில ஆண்டுகளில்தான் நல்ல துணைவீரர்களை வாங்க முடியும். பெடார்டின் முதல் ஒப்பந்தம் 2026-இலும், செலப்ரினியுடையது 2027-இலும் முடிகின்றன. சிகாகோ, 2025 ஆகஸ்டில் நசாருடன் ஆண்டுக்கு 65.9 லட்சம் டாலர் வீதம் ஏழு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டது. உச்சவரம்பு உயரும் காலத்தில் இது தைரியமான, என் பார்வையில் சரியான முடிவு.

முன்னுதாரணங்களைப் பார்க்காமல் கணிக்கக் கூடாது. பஃபலோ அணி ஜாக் ஐக்கல், ராஸ்மஸ் டாலின், ஓவன் பவர் என்று முதல் இரண்டு இடங்களில் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தும், 2011-12 முதல் 2024-25 வரை 14 பருவங்கள் தொடர்ந்து பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்கு) போகவில்லை. கொலராடோ 2016-17-இல் வெறும் 48 புள்ளிகள் எடுத்தும் லாட்டரியில் 4-ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. அங்கே கிடைத்த கேல் மகாரைக் கொண்டே 2022-இல் கோப்பையை வென்றது. மேலிடத் தேர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டு அணிகளை வரிசைப்படுத்துவோர் இவ்விரு அணிகளின் வரலாற்றை ஒருமுறை படிப்பது நல்லது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் கொண்டுவர வேண்டும். மேலே 2026 முதல் 2031 வரை ஆண்டுகளை எழுதுங்கள். இடப்பக்கம் முதல் இரு சென்டர்கள், முதல் இரு விங்கர்கள் (முன்வரிசையின் பக்க வீரர்கள்), முதல் நான்கு தடுப்பு வீரர்கள், கோல்கீப்பர் என்று இடங்களை எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆண்டில் அந்த இடத்துக்குரிய வீரரின் வயதையும் ஒப்பந்த நிலையையும் குறியுங்கள். ஆளில்லாத கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள், நம்பிக்கையால் நிரப்பாதீர்கள். சிகாகோவின் தாளில் 2028-ஐ ஒட்டி ஏறத்தாழ எல்லாக் கட்டங்களிலும் பெயர் இருக்கும், ஆனால் உச்சத் தரத்தில் உறுதியானவர் ஒருவரே. சான் ஹோசேயின் தாளில் சென்டர் கட்டங்கள் மின்னும், தடுப்பில் இரண்டு கட்டங்களாவது வெறுமையாக இருக்கும். முதல் தரச் சென்டர்களை வெளியிலிருந்து வாங்குவது ஏறக்குறைய முடியாத காரியம். இருவர் இருவராக இறங்கும் தடுப்பு வரிசையில், இரண்டாம் ஜோடித் தடுப்பு வீரரை வாங்க முடியும். ஆகவே உச்சவரம்பில் இடம் மிச்சமிருக்கும் வரை, கோப்பை வெல்லும் வாய்ப்பில் சான் ஹோசேயை முன்வைக்கிறேன். அதற்கு முன்பே பிளேஆஃபை எட்டுவதில் சிகாகோவுக்கு வாய்ப்பு அதிகம் என்றும் கருதுகிறேன்.

இந்தத் தாளை ஆண்டுக்கு மூன்று முறை திருத்தினால் போதும்: மார்ச்சில் பரிமாற்றக் கெடு முடிந்ததும், ஜூனில் டிராஃப்ட் முடிந்ததும், ஜூலை 1-இல் தொடங்கும் ஒப்பந்தச் சந்தை அடங்கியதும். இடையில் ஒரு வாரம் ஒருவர் நன்றாக ஆடினார் என்பதற்காக எதையும் அழித்து எழுத வேண்டாம்.