முதல் தேனீப் பெட்டியா? முதலில் சித்திரையைத் தாண்டுங்கள்

தேனீ வளர்க்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை கிலோ தேன் வரும்?" முதல் வருஷம் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். மதுரைப் பக்கம் புதிதாக ஆரம்பிக்கிறவருக்குப் பெரிய வேலையே சித்திரை வெயிலில் பூச்சி ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான். என் முதல் பெட்டியை மொட்டை மாடியில் வைத்தேன். அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் ஒரு சாயங்காலம் திறந்து பார்த்தால் வெறும் அடை மட்டும் தொங்குகிறது.

நமக்கு ஏற்றது பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீ. உயரமான கட்டிடங்களில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ பெட்டியில் தங்காது, அதனிடம் வம்பு வேண்டாம். பெட்டி என்றால் நியூட்டன் பெட்டி, கீழே குஞ்சுகள் வளரும் புழு அறை, மேலே தேன் அறை. அடை கட்ட உள்ளே மரச்சட்டங்கள் தொங்கும். தை மாசம் ஆரம்பித்தால் முருங்கை, வேம்பு, புளி என்று பூக்கள் கைகொடுக்கும். தேனீக் குடும்பத்தை விலைக்கு வாங்கும்போது ராணியைத் தேடித் திணற வேண்டாம், அடையில் உள்ள சின்னக் குழிகளின் அடியில் அரிசிக் குருணையைவிடச் சின்னதாக வெள்ளை முட்டை தெரிகிறதா என்று பாருங்கள். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும், அதனால் முட்டை இருந்தால் ராணி சமீபத்தில் அங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இடம்தான் முக்கியம். காலை வெயில் பட்டு, மதியம் நிழல் விழ வேண்டும். தென்னந்தோப்பு நல்லதுதான், ஆனால் மட்டை விழாத இடமாகப் பாருங்கள்! பக்கத்தில் ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், கல் இல்லாவிட்டால் பூச்சி மூழ்கிச் சாகும். பங்குனி பிறந்ததும் பெட்டி மேல் ஈரச்சாக்கு. பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், அந்தத் தண்ணீர் வற்றிய அன்றைக்கே எறும்பு ஏறிவிடும்.

வாரம் ஒரு முறை காலையில் திறந்து பார்த்தால் போதும், சும்மா சும்மா திறந்தால் அதற்கே கோபித்துக்கொண்டு கிளம்பிவிடும். தேங்காய் நாரில் லேசாகப் புகை காட்டுங்கள், வாசலை மறித்து நிற்காதீர்கள். வாழைப்பழம் தின்றுவிட்டுப் போகாதீர்கள், கொட்டும் தேனீ விடுகிற எச்சரிக்கை வாசனையும் ஏறக்குறைய அதுதான். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள். மூச்சு முட்டினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ நேராக ஆஸ்பத்திரிதான், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பூச்சி மொய்க்காத பழைய அடையை எடுத்துவிடுங்கள், அடையைத் தின்னும் மெழுகுப் புழு அதில்தான் புகும். பூ இல்லாத நாளிலும் அடைமழையிலும் சர்க்கரையும் தண்ணீரும் சரிபாதி கலந்து, சாயங்காலம் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே வைத்தால் பக்கத்துப் பெட்டிப் பூச்சிகள் கொள்ளையடிக்க வந்துவிடும். பக்கத்து வயல்காரரிடம் எப்போது மருந்து அடிப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்வதும் உங்கள் வேலைதான். சந்தேகம் வந்தால் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் விசாரியுங்கள், பயிற்சி நடக்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்புறம் தேன். தேன் அறைச் சட்டத்தில் முக்கால்வாசி மெழுகு மூடியிருந்தால் மட்டும் எடுங்கள், மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துவிடும். அடையைப் பிழியாமல் சுற்றி எடுக்கும் கருவியில் எடுத்தால் அதே அடையைத் திரும்ப வைக்கலாம். கீழே புழு அறையில் இருக்கிற தேன் அவர்களுடையது, அதைத் தொடாதீர்கள்.